அக்காவின் கண் மட்டம்

வெள்ளி, இரவு. பாகான் ஆஜாம்

கோலாலம்பூர் சென்ட்ரலில் காலையில் ஏறிய ரயில் நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடி எங்களைப் பட்டர்வொர்த்தில் இறக்கிவிட்டது. நானும் மகளும் வந்திருக்கிறோம். பெட்டிகள் என் கையில்; வரைபடம் சுருட்டிய நீளக் குழாய் அவள் கையில். வழியெல்லாம் அதைக் கைக்குழந்தைபோல மடியில் வைத்திருந்தாள்.

அவள் கட்டடக்கலை மூன்றாம் ஆண்டு. இந்தப் பருவத்துக்குக் கொடுத்திருக்கும் வேலை இது: பினாங்கின் பெருநிலக் கரையில், வலசைப் பறவைகளைப் பார்க்க வருவோருக்கு ஒரு வருகையாளர் மையம் வரைய வேண்டும். யாரும் கட்டப்போவதில்லை, மதிப்பெண்ணுக்கு மட்டும்தான். நான் இருபத்தாறு ஆண்டுகளாக ஓர் அலுவலகத்தில் கட்டட வரைபடம் வரைகிறவன். அடுக்குமாடி, கார் நிறுத்துமிடம், பேரங்காடி என்று கை ஓய்ந்ததில்லை. பறவைக்காக நான் போட்ட ஒரே கோடு, கூரை விளிம்பில் புறா உட்காராதபடி பதிக்கும் கம்பி முள். அதைச் சொன்னால் மகள் சிரிப்பதில்லை.

அக்கா வீட்டில் தங்கல். மீன் குழம்பு முடிந்ததும் மாமா காரை எடுத்தார். அவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சும்மா இருக்கத் தெரியாதவர். ஐந்தரை மணிக்குத் தெலுக் ஆயர் தாவார் கரையில் நின்றோம். பெயருக்கு ‘நல்ல தண்ணீர் விரிகுடா’ என்று பொருள். கண்ணுக்கு எட்டியவரை சேறு.

சேற்றில் பறவைகள் இருந்தன. ஆனால் என்ன பறவை என்று கேட்காதீர்கள். இந்தக் கரை மேற்கே பார்த்தது. மாலை வெயில் நேராக முகத்தில் அடிக்க, எல்லாம் கறுப்புப் புள்ளிகளாகத் தெரிந்தன. குழாயிலிருந்து மகள் எடுத்து விரித்த வரைபடத்தில் மையத்தின் முகப்பு முழுவதும் மேற்கு நோக்கிய கண்ணாடி. “சூரிய அஸ்தமனக் காட்சிக்கூடம்” என்று பெயர் வேறு எழுதியிருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு அவளே ஒரு நிமிடம் நின்றாள். பிறகு சுருட்டிவிட்டாள்.

சனி

விடிவதற்குள் கரைக்குப் போய்விட வேண்டும் என்பது மகளின் கட்டளை. இங்கே நவம்பரில் சூரியன் ஏழு மணி வாக்கில்தான் எழுகிறது. அக்காவும் வருவேன் என்று கிளம்பிவிட்டாள். அவளுக்கு அறுபத்தெட்டு வயது, முழங்கால் இரண்டும் தகராறு. மாமா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காரில் போட்டார். அக்கா ஒரு குடையையும் பிளாஸ்க்கில் கோப்பியையும் எடுத்துக்கொண்டாள்.

காலையில் அது வேறு கரை. வெளிச்சம் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்து விழ, நேற்றைய கறுப்புப் புள்ளிகளுக்கெல்லாம் நிறம் வந்தது. பவளக்காலிகளின் சிவந்த கால் தெரிந்தது. கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகுடன் குதிரைமலைக் கோட்டான்கள். அலகை ஊசிபோலச் சேற்றில் இறக்கி ஏற்றும் மூக்கன்கள். மகள் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே பாடம் நடத்தினாள். மூக்கன் இனங்களில் ஒன்று, பட்டைவால் மூக்கன், 2022இல் அலாஸ்காவிலிருந்து தாஸ்மானியாவுக்கு எங்கும் இறங்காமல் பறந்திருக்கிறது: பதினொரு நாள், 13,560 கிலோமீட்டர். பிறந்து சில மாதங்களே ஆன குஞ்சாம் அது. “கோலாலம்பூரிலிருந்து வரவே உன் அப்பனுக்கு இரண்டு முறை தேநீர் வேண்டும்” என்றாள் அக்கா.

தெலுக் ஆயர் தாவாரிலிருந்து வடக்கே கோலா மூடா வரை நீளும் இந்தக் கரையை, உலக அளவில் முக்கியமான பறவைப் பகுதி என்று பேர்ட்லைஃப் இன்டர்நேஷனல் பட்டியலிட்டிருக்கிறது. சைபீரியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை போகும் வான்வழியில் இது ஒரு சாப்பாட்டுக் கடை. ரஷ்யாவின் தூரக்கிழக்கில் மட்டுமே முட்டையிடும், உலகில் மிக அருகிப்போன நார்ட்மன் பச்சைக்காலி குளிர்காலத்தில் வந்து நிற்கும் கரைகளில் இதுவும் ஒன்று. எங்கள் கண்ணில் அது படவில்லை. பட்டிருந்தாலும் எனக்கு அடையாளம் தெரிந்திருக்காது.

இனி இரண்டு சம்பவங்கள்.

முதலாவது எட்டரை மணிக்கு. பட்டர்வொர்த் விமானப்படைத் தளம் பக்கத்திலேயே இருக்கிறது. தலைக்குமேல் ஒரு போர் விமானம் போனது. என் மார்பெலும்பு அதிர்ந்தது. அக்கா காதைப் பொத்திக்கொண்டாள். சேற்றில் இருந்த பறவைகளில் ஒன்றுகூடத் தலை நிமிரவில்லை. பத்து நிமிடம் கழித்து வெயில் உறைக்கிறதென்று அக்கா எழுந்து நின்று குடையை விரித்தாள். அவ்வளவுதான். இருநூறு மீட்டருக்கு அப்பால் இருந்த கூட்டம் மொத்தமாக எழும்பிக் கடலுக்குமேல் ஒரு வட்டம் அடித்துத் தெற்கே போய் இறங்கியது.

அக்காவுக்குப் பெரிய மனவருத்தம். “நான் என்ன செய்துவிட்டேன்?” என்று கேட்டபடி குடையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

“அத்தை, நீங்கள் ஒன்றும் செய்யவில்லை. நின்றீர்கள், அவ்வளவுதான்” என்றாள் மகள். விமானம் தினமும் போகிறது, எதையும் பிடித்துத் தின்பதில்லை. கரை ஓரத்தில் நிமிர்ந்து நிற்கும் இரண்டு கால் உருவத்தைப் பற்றி அவற்றுக்கு வேறு அனுபவம். ஒவ்வொரு முறை எழும்பிப் பறக்கும்போதும், பயணத்துக்கென்று சேர்த்துவைத்த கொழுப்பிலிருந்து கொஞ்சம் எரிந்துபோகிறது.

இரண்டாவது சம்பவம் பத்தரை மணிக்கு. அன்று கடல் நிரம்பும் நேரம் பதினொன்று. பினாங்கில் பெரிய ஏற்றமென்றால் இரண்டு மீட்டருக்கும் மேல் நீர் உயரும். தட்டையான சேற்றில் அது சத்தமில்லாமல், பாய் விரிப்பதுபோல வந்தது. சேறு குறையக் குறையப் பறவைகள் கரைப்பக்கம் நெருங்கின. கடைசியில் எல்லாம் ஓர் ஓடையின் முகத்துவாரத்தை ஒட்டிய மணல் திட்டில் வந்து தோளோடு தோள் நின்றன. ஒற்றைக் காலில், அலகை முதுகில் செருகிக்கொண்டு. நீர் வற்றும்வரை அவற்றுக்கு அதுதான் படுக்கையறை.

மகள் வரைபடத்தை விரித்தாள். மணல் திட்டைப் பார்த்தாள். மறுபடி வரைபடத்தைப் பார்த்தாள். மையத்தை அவள் நிறுத்தியிருந்தது அதே திட்டில்தான். செயற்கைக்கோள் படத்தில் பார்த்து, மூன்று பக்கமும் கடல் தெரியும் அருமையான மனை என்று தேர்ந்தெடுத்தாளாம்.

இருபத்தாறு ஆண்டுகளில் எத்தனையோ மனைகளுக்கு வரைந்திருக்கிறேன். அங்கே முன்பு என்ன நின்றது என்று கேட்டதாக நினைவில்லை.

மாலையில் மாமா சும்மா இருக்காமல், சுங்கை மூடா ஆற்றைத் தாண்டிக் கெடாவின் கோத்தா கோலா மூடாவுக்கு அழைத்துப் போனார். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் சிதைந்த படகுகளை அங்கே நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். நாடு முழுவதும் 68 பேர் போனார்கள். அதில் 52 பேர் பினாங்கில். மகள் படகுகளை வரைந்துகொண்டாள். தரைத்தளத்தில் சுவரே வேண்டாம், நீர் வந்தால் ஊடே போகட்டும் என்றாள். அதில் எனக்கும் அவளுக்கும் சண்டை இல்லை.

ஞாயிறு

இரவெல்லாம் மழை, பகலிலும் விட்டுவிட்டு மழை. கரைக்குப் போகவில்லை. ஃபெரி ஏறி ஜார்ஜ்டவுன் போனோம். 2023இல் வந்த புதிய ஃபெரிகளில் கார் ஏறாது. மனிதரும் மோட்டார்சைக்கிளும் சைக்கிளும் மட்டும். மாமாவுக்கு இது இன்னும் ஆறவில்லை.

வெல்ட் கீயை ஒட்டிய சீனக் குலத்தாரின் படகுத்துறைக் குடியிருப்புகளுக்குப் போனோம். அவற்றில் பெரியதான சியூ துறையில் சுற்றுலாப் பயணிகள் பனிக்கூழும் கையுமாக நடந்துகொண்டிருக்க, நாங்கள் அப்பனும் மகளும் பலகை இடுக்கில் தலையைக் குனிந்து வீடுகளின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு பாட்டி எங்களுக்கு ஏதோ தொலைந்துவிட்டது என்று நினைத்துத் தேட வந்தார்.

சேற்றில் வீடு நிற்பது எப்படி என்பதற்கு அதைவிடப் பெரிய பாடசாலை கிடையாது. நம் நாட்டில் ஒரு காலத்தில் பாதிக் கட்டடங்களுக்கு அடியில் பாக்காவ் கட்டைதான் இருந்தது, அலையாத்திக் காட்டு மரம். சேற்றுக்குள் காற்றுப் படாமல் புதைந்த பகுதி ஆண்டாண்டுக்கும் மட்காது. மேலே, கடல் ஏறி இறங்கி நனைந்து நனைந்து காயும் பகுதிதான் முதலில் போகும். சரி, கான்கிரீட் தூண் போடலாம் என்றால் அதற்கும் அதே இடத்தில்தான் நோய். உப்பு உள்ளே இறங்கிக் கம்பியைத் தொட்டதும் துரு பிடிக்கிறது. துரு இரும்பைவிடப் பருத்தது, உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கிறது. ஒரு தூணில் பலாச்சுளை பிதுங்குவதுபோலக் கம்பி வெளியே தெரிந்தது. கம்பிக்குமேல் கான்கிரீட் கனம் எவ்வளவு வைக்க வேண்டும், ஆணி எதில் இருக்க வேண்டும், செங்கல் மரத்தை (நம் சூளைச் செங்கல் இல்லை, மலாய்க்காரர் ‘செங்கால்’ என்பது, இரும்பைப்போன்ற காட்டு மரம்) எங்கே பயன்படுத்தலாம் என்று நான் பேசிக்கொண்டே போனேன். அவள் எழுதிக்கொண்டே வந்தாள். இந்தப் பயணத்தில் நான் அப்பனாக இருந்த ஒரு மணி நேரம் அதுதான்.

நாசி கண்டார் சாப்பாட்டுக் கடையில் மழைக்கு ஒதுங்கியபோது அவள் மடிக்கணினியைத் திறந்தாள். இப்போது அவள் முறை. வெளிநாடுகளில் இப்படிக் கட்டியவற்றை ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

டென்மார்க்கின் மேற்குக் கரையில், ரீபே நகருக்கு அருகே வாடன் கடல் மையம். டோர்ட்டெ மாண்ட்ரூப் என்ற பெண் கட்டடக்கலைஞர் 2017இல் முடித்தது. கூரையும் சுவரும் நாணல் வேய்ந்தவை. தூரத்திலிருந்து பார்த்தால் வைக்கோல் போர் படுத்திருப்பதுபோல இருக்கிறது. “நம் அத்தாப்பு ஓலைக் கூரைதானே?” என்றேன். “அத்தாப்புதான். ஆனால் அதை வைத்து உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்துவிட்டார்கள்” என்றாள். நிப்பா ஓலை நம் மழைக்கு எத்தனை நாள் தாங்கும் என்பது வேறு கதை. என் தாத்தா சில ஆண்டுகளுக்கு ஒரு முறை கூரை மாற்றிய கதைகள் எனக்குத் தெரியும்.

ஹாங்காங்கின் மாய் போ சதுப்புநிலத்தில் பறவை பார்க்கும் மறைவிடங்கள் சேற்றின்மேல் மிதக்கின்றன. அலையாத்திக் காட்டுக்குள் மிதவை நடைபாதை. கடல் ஏறினால் பாதையும் ஏறும், இறங்கினால் இறங்கும். இரண்டு மீட்டர் ஏற்றம் உள்ள நமக்கு இது சரிவரும் என்று தோன்றியது.

அவளுக்கு மிகவும் பிடித்தது நெதர்லாந்தில், ஆறு கடலைத் தொடும் இடத்தில் இருக்கிறது. 2019இல் கட்டியது. ஆலாப் பறவையின் முட்டை வடிவம். பெயர் ‘டெய்’, அவர்கள் மொழியில் கடலேற்றம், வற்றம். நமக்குத்தான் யாரோ பொடியனைக் கூப்பிடுவதுபோலக் கேட்கிறது. முட்டை என்றதும் எனக்குச் சலிப்பு வந்தது. பறவை மையம் என்றால் சிறகு, கூடு, முட்டை. மீன் சந்தை என்றால் மீன். இந்த வித்தையை எத்தனை முதலாளிகளுக்கு வரைந்திருப்பேன்! “அப்பா, முட்டையைப் பார்க்காதீர்கள், போகிற வழியைப் பாருங்கள்” என்றாள். கடைசித் தூரம் ஒரு சுரங்கப் பாதை. வருகிறவர்கள் மண்ணுக்கு அடியில் நடந்து உள்ளே வந்துவிடுகிறார்கள். பறவைக்கு மனித நடமாட்டமே தெரியாது.

நேற்றைய குடை நினைவுக்கு வந்தது. அப்போதுதான் எனக்கு இந்த வேலை பிடிபட்டது என்று சொல்ல வேண்டும். நான் அதுவரை ஒரு கட்டடத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் ஒரு பாதையைத் தேடிக்கொண்டிருக்கிறாள். கார் நிறுத்துமிடமும் கழிப்பறையும் கடையும் கண்காட்சியும் கரையிலிருந்து தள்ளி, பழைய தென்னை வரிசைக்குப் பின்னால். அங்கிருந்து இருபுறமும் ஓலைத் தட்டி மறைத்த நடை. அதன் முனையில் இருட்டான ஒரு சிறிய அறை. பின்னால் கதவு, அது தானாக மூடிக்கொள்ள வேண்டும்; திறந்திருந்தால் உள்ளே அசைகிறவர்களின் நிழலுருவம் வெளிச்சத்தில் தெரிந்துவிடும். முன்னால் குறுகிய நீளத் துளை.

“அப்படியானால் கண்ணாடி?” என்று கிண்டலாகத்தான் கேட்டேன். அவளிடம் அதற்கும் விடை இருந்தது. அமெரிக்காவில் மட்டும் கண்ணாடியில் மோதி ஆண்டுக்கு 36 கோடிக்கும் மேற்பட்ட பறவைகள் சாகின்றன என்று 2014இல் கணக்கிட்டிருக்கிறார்கள். கண்ணாடியில் தெரியும் வானத்தை வானம் என்றே நம்பிப் பறக்கின்றன. பருந்துப் படம் ஒன்றை ஒட்டினால் பயனில்லை. வெளிப்பக்கம் முழுவதும் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளி வைக்க வேண்டும். அவள் முதல் வரைபடத்திலேயே புள்ளி வைத்திருக்கிறாள். நான்தான் அச்சுப் பிழை என்று நினைத்திருந்தேன்.

கழிப்பறைக்கு எத்தனை இடம் என்ற விவாதத்தில் அக்கா கைப்பேசியிலேயே கலந்துகொண்டாள். பெண்களுக்கு இரண்டு மடங்கு வேண்டும் என்று தீர்ப்பு.

திங்கள்

மழை விட்டுவிட்டது. கடல் நிரம்பும் நேரம் பன்னிரண்டு நாற்பது. நம் நாட்டு மணிக்கணக்கில் சூரியன் உச்சிக்கு வருவது ஒரு மணி வாக்கில். ஆகவே அதுவரை வெயில் முகத்தில் அடிக்காது.

மணல் திட்டிலிருந்து சுமார் நூறு மீட்டர் தள்ளி ஒரு பழைய படகுக் கொட்டகை இருக்கிறது. தகரக் கூரை, ஆறு கால், சுவர் இல்லை. மாமாவுக்குத் தெரிந்த பாக்சிக் (மலாய்ப் பெரியவர்) ஒருவருடையது. மகள் ஒன்று கேட்டாள், அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். கடலைப் பார்த்த பக்கம் கறுப்புத் தார்ப்பாய் கட்டினோம். பின்பக்கமும் பக்கவாட்டிலும் பழைய வலைகளைத் தொங்கவிட்டுச் சாக்குகளைச் செருகினோம். கார் நிற்கும் இடத்திலிருந்து கொட்டகை வரை வேலிபோல மட்டைகளைச் சாய்த்தார் மாமா. காலை ஏழரைக்குத் தொடங்கி, பறவைகள் இன்னும் தூரத்துச் சேற்றில் இருக்கும்போதே ஒன்பதுக்குள் முடித்துவிட்டோம். காகிதத்தில் ஒன்றுக்கு நூறு என்று வரைந்தே பழகிய எனக்கு, ஒன்றுக்கு ஒன்று என்று தார்ப்பாயில் வரைவது புதிது.

துளையை எந்த உயரத்தில் வெட்டுவது?

மகள் புத்தகத்தில் குறித்துவைத்திருந்த அளவு ஒன்று இருந்தது. சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, பதினைந்து சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டினாள். நான் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன், நன்றாக இருந்தது. மாமா பார்த்தார், நன்றாக இருந்தது. அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“என்ன தெரிகிறது அத்தை?”

“மேகம்.”

அக்கா குள்ளம். அவள் எழுந்தால்தான் கடல் தெரியும்; எழுவதென்றால் முழங்கால் ஒத்துழைக்க வேண்டும்; எழுந்தாலோ தலை துளைக்கு மேலே போய்விடும். “எனக்காக வெட்டாதே கண்ணு, நான் மேகத்தையே பார்த்துக்கொள்கிறேன்” என்றாள். அந்தக் குரலைத் தம்பிகள் அறிவார்கள். மேகத்தைப் பார்த்துக்கொள்வேன் என்றால் பத்து ஆண்டுகளுக்கு அந்த மேகத்தைச் சொல்லிக்காட்டுவாள்.

மகள் அளவு நாடாவை என்னிடம் கொடுத்தாள். தரையிலிருந்து அக்காவின் கண்வரை, நாற்காலியில் இயல்பாகச் சாய்ந்த நிலையில், ஒரு மீட்டர் பதினொரு சென்டிமீட்டர். மட்டப்பலகை வைத்துக் கோடு போட்டேன். அவள் புதிய துளையை வெட்டினாள். பழையதை நூல் போட்டுத் தைத்து மூடினோம். புதிய உயரத்தில் நானும் மாமாவும் கொஞ்சம் குனிய வேண்டியிருந்தது. குனிந்தோம். பாக்சிக்கின் பேரன் வந்து நின்றபோது அவனுக்கு அதுவும் எட்டவில்லை. அவன் யாரையும் கேட்காமல் தார்ப்பாயின் கீழ் ஓரத்தைத் தூக்கிப் படுத்துக்கொண்டான். மகள் அதையும் குறித்துக்கொண்டாள். சக்கர நாற்காலியில் வருகிறவரின் முழங்கால் நுழைய முன்பலகைக்கு அடியில் இடம் விட வேண்டும் என்பது ஏற்கெனவே அவள் பட்டியலில் இருந்தது.

பிறகு காத்திருந்தோம். உள்ளே இருட்டு, புழுக்கம், பழைய வலையின் மீன் வாடை. அக்கா ஆரஞ்சு உரித்தாள். யாரும் பேசவில்லை, எங்கள் குடும்பத்தில் இது அபூர்வம்.

பதினொன்றே காலுக்கு முதல் பவளக்காலிகள் வந்தன. அப்புறம் எண்ணிக்கை விட்டுப்போனது. கடல் ஏற ஏறத் திட்டு சுருங்க, பின்னால் வந்தவை இடமில்லாமல் எங்கள் பக்கத்துச் சேற்று விளிம்பிலேயே இறங்கின. நாற்பது மீட்டர் இருக்கும். தொலைநோக்கி இல்லாமலே ஒரு கோட்டானின் கண்ணைப் பார்த்தேன். அது எங்களைப் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் தார்ப்பாயில் ஒரு கீறல் என்று விட்டுவிட்டது. தலைக்குமேல் விமானம் போனது. கூரைத் தகரம் அதிர்ந்தது. வெளியே ஒரு பறவையும் அசையவில்லை, உள்ளே அக்காவும் அசையவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து அவள் என் காதருகே வந்து, “தம்பி, அந்த மூக்கு நீண்டவனுக்கு ஒரு கால்தானா?” என்று கேட்டாள். இன்னொன்றை இறகுக்குள் மடக்கி வைத்திருக்கிறது என்றேன். தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டாள்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கும் மகளுக்கும் இன்னும் தீரவில்லை. கரை அரிக்காமலிருக்க அலையாத்திக் கன்றுகளை நட்டு, காட்டுக்குள் மறைவிடத்தை ஒளித்துவிடலாம் என்பது என் யோசனை. பசுமை என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? அவள் வேண்டாம் என்கிறாள். இந்தப் பறவைகள் திறந்த சேற்றை நம்பி வருகின்றன. சேற்றில் மரம் நட்டால் அவற்றுக்கு இரை தேடும் இடமும் போயிற்று, எதிரியைத் தூரத்தில் பார்க்கும் வசதியும் போயிற்று. ஏற்கெனவே காடு இருந்த இடத்தில் மட்டும் நடுங்கள் என்கிறாள். படகுத்துறையில் நான் சொன்னதை அவள் எழுதிக்கொண்டதுபோல, இதை நான் எழுதி வைத்திருக்கிறேன்.

செவ்வாய், ரயிலில்

குழாய் இப்போது மேலே பெட்டிகளோடு கிடக்கிறது. மகள் சிறிய நோட்டில் வரைந்துகொண்டிருக்கிறாள். மைய மண்டபத்துக்கு இன்னும் கூரை முடிவாகவில்லை. தட்டி மறைத்த பாதையின் ஒவ்வொரு திருப்பமும் முடிவாகிவிட்டது. ஆசிரியர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குக் கொஞ்சம் பயம்தான். முகப்பே இல்லாத கட்டடத்தை எந்தப் பக்கமிருந்து படம் வரைந்து காட்டுவது?

தைப்பிங் தாண்டும்போது மாமா அழைத்தார். தார்ப்பாயை அவிழ்க்கப் போனாராம். உள்ளே பாக்சிக்கும் இரண்டு நண்பர்களும் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருக்கிறார்களாம். நிழலாகவும் இருக்கிறது, கடலும் தெரிகிறது, அப்படியே இருக்கட்டும் என்கிறார்களாம். துளையை மட்டும் இன்னும் நான்கு விரல் பெரிதாக வெட்டிக்கொள்ளலாமா என்று கேட்கச் சொன்னார்களாம்.

மகளிடம் சொன்னேன். பென்சிலை நிறுத்தி யோசித்தாள்.

“இரண்டு விரல்” என்றாள். “அதுவும் மேல்பக்கம் மட்டும். கீழ்க்கோட்டைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள்.”